பிளஸ் டூ முடித்து வெளிநாட்டின் பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளாக, அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் படிவங்களையும் கட்டுரைகளையும் படித்துப் பார்த்துச் சொல்லும் வேலையைச் சும்மா செய்துவருகிறேன். பெரும்பாலும் சிறு நகரங்களின் பிள்ளைகள். வீட்டில் இதற்கு முன் யாரும் பாஸ்போர்ட் எடுத்திருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இளநிலையிலேயே முழுச் செலவையும் ஏற்கும் கல்லூரிகள் அங்கேதான் அதிகம்.

எம்.ஐ.டி.க்கு, ஹார்வர்டுக்கு எல்லாம் கட்ஆஃப் எவ்வளவு சார்?

கட்ஆஃப் கிடையாது. முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான், பதிலைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நம் பொறியியல் கவுன்சிலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்குப் போட்டு, தரவரிசைப் பட்டியல் வந்துவிடும். 198.5 என்றால் எந்தக் கல்லூரி என்று தெருமுனைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அங்கே அப்படி ஒரு பட்டியலே போடுவதில்லை. உங்கள் மதிப்பெண், ஆசிரியர் கடிதம், கட்டுரை, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள், எந்த ஊர், என்ன வசதி என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பாக வைத்து, தெற்காசியாவுக்குப் பொறுப்பான அலுவலர் படிப்பார். அப்புறம் ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும்.

போட்டி எப்படி என்றால், 2024 சேர்க்கைக்கு ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள், 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. எம்.ஐ.டி. என்கிற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 28,232 பேர், இடம் 1,275 பேருக்கு. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு மாணவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் தேறுகிறார்கள். ஆகவே 600க்கு 598 வாங்கிய பிள்ளைக்கும் இல்லை என்று கடிதம் வரும், 570 வாங்கியவருக்கு இடம் கிடைக்கவும் செய்யும். இதில் அநியாயம் ஏதுமில்லை, அவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு.

நான்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? எங்களால் முடியுமா?

கட்ஆஃபுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இதைக் கடைசியில் கேட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்தப் பெரிய தனியார் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 85 ஆயிரம் முதல் 95 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 70, 80 லட்சம். நான்கு ஆண்டுக்கு மூன்று கோடி. கேட்டதும் போனை வைத்துவிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகிய கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பண நிலைமையைப் பார்க்காமலேயே இடம் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன. 2022இல் டார்ட்மவுத், போடன் ஆகிய கல்லூரிகளும் இதில் சேர்ந்தன. 2025 சேர்க்கையிலிருந்து பிரவுனும் சேர்ந்துவிட்டது. இடம் கிடைத்தபின் உங்கள் குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் பார்த்து, மீதி முழுவதையும் அவர்களே தருகிறார்கள். பண நிலைமையைப் பார்க்காமல் முடிவெடுக்கும் இந்த முறைக்கு 'நீட்-பிளைண்ட்' என்று பெயர். நம் ஊர் நீட் தேர்வுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'நீட் எழுதாமலே சேரலாமா' என்று ஓர் அப்பா சந்தோஷமாகக் கேட்டார், பாவம். இங்கே நீட் என்றால் தேவை.

ஹார்வர்டில் 2025-26 முதல், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் அந்த வருமானத்துக்கு ஏற்ற அளவில் இருந்தால் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. நம் நடுத்தரக் குடும்பங்களில் அந்த வரம்பைத் தாண்டுபவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆக, இடம் கிடைத்துவிட்டால் ஹார்வர்டில் படிப்பது கோயம்புத்தூரின் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் சீட் வாங்குவதைவிட மலிவு. அந்த இடம் கிடைப்பதுதான் மலையைப் புரட்டும் வேலை.

மற்ற கல்லூரிகள்?

மற்றவை பெரும்பாலும் தேவையைப் பார்க்கும் கல்லூரிகள். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், டியூக், சிகாகோ எல்லாம் இந்த வகை. உதவி கேட்கிறீர்களா, எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதும் முடிவில் பங்கு வகிக்கும். உதவி தர மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒதுக்கிய பணம் அளவானது, அதற்கான போட்டி இன்னும் கடுமை, அவ்வளவே. கார்னெலில் இந்தியக் குடிமக்களுக்கென்றே டாடா அறக்கட்டளை கொடுத்த 2.5 கோடி டாலரில் ஓர் உதவித்தொகை இருக்கிறது. எந்த நேரத்திலும் சுமார் 20 பேர் அதில் படிப்பார்கள்.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் பெயரைக் கேட்டு மயங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அவை மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு அங்கே உதவி ஏறக்குறைய பூஜ்ஜியம். முழுப் பணமும் கையில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கல்லூரி, கென்டக்கி மாநிலத்தின் பெரியா. 1892 முதல் எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை, எல்லா மாணவரும் கல்லூரியிலேயே ஏதாவது வேலை செய்தாக வேண்டும். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் 'பெரியாவா, அது எங்கே இருக்கு' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உதவி வேண்டாம் என்று போட்டுச் சேர்ந்துவிட்டு, பிறகு கேட்டுக்கொள்ளலாமா?

கூடாது. பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுக்கும் கேட்க முடியாது என்று விதியே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் அப்படித்தான். சேர்ந்தபின் இரண்டாம் பருவக் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைத்த கதை எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரியும் கட்டுவதில்லை. படிவத்தை எப்படி நிரப்புவது?

உதவி கேட்பவர்கள் பெரும்பாலான கல்லூரிகளுக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். வருமானம், வீடு, நிலம், கடன், சேமிப்பு, தம்பி தங்கை படிப்புச் செலவு எல்லாம் கேட்பார்கள். மளிகைக் கடை, ஆட்டோ, விவசாயம் என்றால் அப்பா ஒரு வெள்ளைத்தாளில் ஆண்டு வரவு செலவை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். கூலி வேலை என்றால் வேலை கொடுப்பவரின் கடிதம். உலகம் முழுக்க இப்படிப்பட்ட குடும்பங்களின் காகிதங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள், பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 72 ஆயிரம் என்று இருக்கும். அது எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே பிள்ளை ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டணம் வாங்கும் பள்ளியில் படித்திருப்பான், கட்டுரையில் வீட்டுக் காரைப் பற்றி எழுதியிருப்பான். படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். உண்மைத் தொகையை எழுதுங்கள். 6 லட்சம் என்று எழுதினாலும் அங்கே அது ஏழாயிரம் டாலர்தான், முழு உதவிக்கு அதுவே போதும். குறைத்துக் காட்டி ஒரு பயனும் இல்லை.

விண்ணப்பக் கட்டணம் கட்டவே காசு இல்லையென்றால்?

கல்லூரிக்குக் கல்லூரி 75 முதல் 90 டாலர் கேட்பார்கள். பத்துக் கல்லூரி என்றால் 70 ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். குடும்பத்தால் முடியாது என்று தலைமையாசிரியர் ஒரு கடிதம் தந்தால் பல கல்லூரிகள் தள்ளுபடி செய்துவிடும். சிலவற்றுக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கேட்டதால் யாரும் மட்டமாக நினைப்பதில்லை. ஆங்கிலத் தேர்வுக்கு டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டையும்விட டியோலிங்கோ மலிவு, வீட்டிலிருந்தே எழுதலாம். நீங்கள் போடும் கல்லூரி அதை ஏற்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எஸ்.ஏ.டி. அவசியமா?

எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கக் கல்லூரிகள் பார்க்கும் பொதுத் தேர்வு, ஆங்கிலமும் கணக்கும் இருக்கும். கொரோனா காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் அதைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்கிறார்கள். எம்.ஐ.டி. 2022லேயே கொண்டுவந்துவிட்டது, ஹார்வர்டு, டார்ட்மவுத், பிரவுன், கால்டெக் எல்லாம் 2024இல். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. எழுதிவிடுவதுதான் நல்லது. சின்னப் பள்ளியிலிருந்து வரும் மாணவரின் மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாதவருக்கு இது ஒரு பிடி.

இப்போது கணினியில் 2 மணி 14 நிமிடத் தேர்வு, மொத்தம் 98 கேள்விகள், 1600 மதிப்பெண். கணக்கு நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை. திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். ஆங்கில வாசிப்புப் பகுதியில்தான் சறுக்குவார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே தினம் ஒரு ஆங்கிலக் கட்டுரையைப் படித்து 'இவர் என்ன சொல்ல வருகிறார்' என்று ஒரு வரியில் எழுதிப் பழகியவர்கள் தேறிவிடுகிறார்கள். கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சி இலவசம். ஐம்பதாயிரம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.

ஆசிரியர் கடிதம் என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரியா?

அப்படி நினைத்துத்தான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெரும்பாலும் பாட ஆசிரியர் இருவரின் கடிதம், பள்ளியின் சார்பில் ஆலோசகர் ஒருவரின் கடிதம் வேண்டும். நம் பள்ளிகளில் ஆலோசகர் என்று ஒருவர் கிடையாது. தலைமையாசிரியரே அந்த இடத்தில் எழுதலாம். கடிதத்தை ஆசிரியரே தன் மின்னஞ்சல் வழியாக நேரடியாக ஏற்ற வேண்டும், மாணவர் கையில் வரக்கூடாது. படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் ஒரு கட்டத்தில் மாணவர் டிக் செய்வார்.

நம் வழக்கம் வேறு. 'நீயே எழுதிக்கிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தரேன்' என்பார் சார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மூன்று கடிதமும் ஒரே நடையில், ஒரே பிழையோடு போய்ச் சேரும். ஒழுக்கமானவன், பணிவானவன், நேரம் தவறாதவன் என்று பட்டியல் போட்ட கடிதமும் உதவாது. எல்லோருக்கும் அதையே எழுதியிருப்பார்கள்.

வேண்டியது ஒரு சம்பவம். எனக்குத் தெரிந்த ஒரு இயற்பியல் ஆசிரியர், தான் கரும்பலகையில் போட்ட கணக்கில் ஒரு பெண் தவறு கண்டுபிடித்ததையும், வகுப்பில் சொல்லாமல் மணி அடித்தபின் வந்து காட்டியதையும், மறுநாள் தானே வகுப்பில் அதைச் சொல்லித் திருத்தியதையும் எழுதினார். அரைப்பக்கம்தான். அந்தப் பெண்ணைப் பற்றி அதைவிடச் சொல்ல என்ன இருக்கிறது? ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதட்டும், ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது, அவர் வகுப்பில் நடந்த நாலைந்து விஷயங்களை ஒரு தாளில் நினைவூட்டிக் கொடுப்பது. ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் நேரத்தில் போய் நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

இதோடு பள்ளியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் போக வேண்டும். எந்த மாவட்டம், எத்தனை மாணவர், எந்தப் பாடத்திட்டம், 600க்கு எப்படி மதிப்பெண், வழக்கமாக எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது போல. 9 முதல் 11 வரையிலான மதிப்பெண்களையும், 12இன் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் பள்ளியின் தாளில் தட்டச்சு செய்து முத்திரை போட்டால் போதும். தமிழ்நாட்டில் 2025-26 முதல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதையும் அந்தக் குறிப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பழைய ஆண்டுகளின் கோப்பைப் பார்த்தவர்கள் 11ஆம் வகுப்பு அரசுச் சான்றிதழ் எங்கே என்று தேடுவார்கள்.

என் பிள்ளை படிப்பைத் தவிர எதுவும் செய்ததில்லை. நடவடிக்கைகள் பகுதியில் என்ன எழுதுவது?

காமன் ஆப் என்ற பொதுப் படிவத்தில் பத்து இடம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று சட்டமில்லை. குடும்பப் பொறுப்பு, சம்பளத்துக்குப் பார்த்த வேலை இரண்டுக்கும் அதில் தனி வகையே இருக்கிறது. சாயங்காலம் அப்பாவின் கடையில் உட்கார்ந்தது, பாட்டியைப் பார்த்துக்கொண்டது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். விண்ணப்பத்துக்கென்று ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் மூடிய அறக்கட்டளையைவிட இதற்கு மதிப்பு அதிகம். அந்த மாதிரி 'நிறுவனர், தலைவர்' பிள்ளைகளை அவர்கள் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள்.

கணிதத்தில் ஆர்வம் உண்மையாக இருந்தால் ஒலிம்பியாட் எழுதுங்கள். அதன் மேல் சுற்றுகளை மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்துகிறது. மாநில அளவில் நின்றுவிட்டாலும் வீண் இல்லை.

கட்டுரையில் என்ன எழுதலாம்?

650 சொல்லுக்குள் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் குறுங்கட்டுரைகள். 'சிறு வயது முதலே பொறியாளராக வேண்டும் என்பது என் கனவு' என்று தொடங்குவதை எத்தனை தடவை அடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அப்துல் கலாம் மேற்கோளும் அப்படித்தான். அவர்மேல் மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் கட்டுரை உங்களைப் பற்றியது.

வறுமையை எழுதலாமா என்று தயங்குகிறார்கள். வாழ்க்கையில் இருந்தால் எழுதத்தான் வேண்டும். இரக்கம் வரவேண்டும் என்று எழுதினால் தெரிந்துவிடும். ஒரு பையன் வீட்டில் தண்ணீர் லாரி வரும் நேரத்தை வைத்துத் தெருவில் யார் எத்தனை குடம் பிடிப்பது என்று கணக்குப் போட்டுச் சண்டையை நிறுத்தியதை எழுதினான். எங்கும் 'ஏழை' என்ற சொல்லே இல்லை. படித்தவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கினால் பிழை இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். அரைகுறை ஆங்கிலமாக இருந்தாலும் உங்களுடையதை எழுதுங்கள். இலக்கணத்தை யாரிடமாவது திருத்திக்கொள்ளலாம்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். குடும்பப் பெயர் என்று கேட்கிறார்களே?

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் தமிழர்களுக்கே உரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் ஆர். கார்த்திக் என்று இருக்கும். ஆதாரில் கார்த்திக் ஆர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் ஒன்றுமில்லை. குடும்பப் பெயர் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்து விசா வாங்கினால், கார்த்திக் என்பது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் நான்கு ஆண்டுக்கும் வங்கியிலிருந்து நூலகம் வரை நீங்கள் மிஸ்டர் எஃப்.என்.யு. கார்த்திக்.

விண்ணப்பிக்கும் எண்ணம் வந்ததுமே பாஸ்போர்ட் எடுங்கள். இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுங்கள். எஸ்.ஏ.டி., ஆங்கிலத் தேர்வு, காமன் ஆப் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தலைமையாசிரியர் ஒரு கடிதம் தந்தால் மதிப்பெண் பட்டியல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நவம்பரில் போடுவதா, ஜனவரியிலா?

நவம்பர் 1 வாக்கில் முன்கூட்டிய சுற்று, ஜனவரி தொடக்கத்தில் வழக்கமான சுற்று. முன்கூட்டியதில் சில கல்லூரிகள் கட்டுப்படுத்தும், இடம் கொடுத்தால் வந்தே ஆக வேண்டும். அறிவித்த உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் கட்டாயம் இல்லை, ஆனால் அதே சமயம் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டிப் போடக் கூடாது. அக்டோபருக்குள் எல்லாம் தயார் என்றால் போடுங்கள். அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாகப் போடுவதற்கு ஜனவரியே மேல்.

முடிவு டிசம்பர் நடுவிலும் மார்ச் கடைசியிலும் வரும். மே 1க்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அப்போது நம் பிளஸ் டூ முடிவே வந்திருக்காது. கடைசி மதிப்பெண்ணும் பிறகு கேட்பார்கள், ஆகவே இடம் கிடைத்த மிதப்பில் பொதுத்தேர்வைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பிளஸ் டூ படித்துக்கொண்டே இதெல்லாம் முடியுமா? ஒரு வருடம் இடைவெளி விட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். பொதுத்தேர்வை முடித்து, மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டு நவம்பரில் விண்ணப்பிப்பவர்கள் நிறைய. நீட் மறுபடி எழுதுகிறவர்களை நாம் ஏற்றுக்கொள்வதில்லையா? ஆனால் அந்த ஓராண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். வேலைக்குப் போனேன் என்பதும் நல்ல பதில்தான்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்டலாமா? எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்களே.

'எல்லாம்' என்ற சொல்லில்தான் ஆபத்து. கட்டுரையை எழுதித் தருகிறேன், சான்றிதழ் தயார் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 2024இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில், அப்பா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழும் போலி மதிப்பெண்ணும் கொடுத்து முழு உதவியோடு சேர்ந்த இந்திய மாணவர் ஒருவர் கைதானார். தான் செய்ததைப் பெயர் சொல்லாமல் இணையத்தில் பெருமையாக எழுதி, அதை வைத்தே கண்டுபிடித்தார்கள். படிப்பு போய், நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் ஒருவரோடு முடியவில்லை. அடுத்து வரும் ஒவ்வொரு இந்தியக் கோப்பையும் அவர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்?

இலவசமாகவே ஆலோசனை கிடைக்கிறது. அமெரிக்க அரசின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் சென்னையில் இருக்கிறது, எந்தக் கல்லூரியிடமும் கமிஷன் வாங்காதவர்கள். முதலில் அங்கே போங்கள்.

டாக்டருக்குப் படிக்க?

அமெரிக்காவில் மருத்துவம் என்பது நான்காண்டு பட்டம் முடித்தபின் சேரும் படிப்பு. வெளிநாட்டவருக்கு இடம் மிக அரிது, உதவி அதைவிட அரிது. வேறு எந்த நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தாலும் இந்தியாவில் தொழில் செய்ய நீட் தேர்ச்சி வேண்டும். இந்தப் பாதைக்கு நான் சரியான ஆள் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்?

அங்கே ஆளைவிடப் பாடம்தான் முக்கியம். எந்தப் பாடம் என்று முதலிலேயே முடிவு செய்து, பெரும்பாலும் அதிலேயே நுழைவுத் தேர்வு எழுதி, டிசம்பரில் அந்தப் பாடத்திலேயே நேர்காணல். புதுக் கணக்கு ஒன்றைக் கொடுத்து நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருக்கும். கபடியும் கவிதையும் அங்கே எடுபடாது. ஒரே ஆண்டில் இரண்டுக்கும் போட முடியாது. அந்நாட்டின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் வழியாக அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6 மணிக்குள் போட வேண்டும், நமக்கு இரவு பத்தரை. மாநிலப் பாடத்திட்டத்துக்கு என்ன விதி என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இந்தியாவுக்கான பக்கத்தில் தனியாக எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். பணம்தான் சிக்கல். வெளிநாட்டவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டில் 35 ஆயிரம் பவுண்டுக்கு மேல், இளநிலைக்கு முழு உதவித்தொகை விரல்விட்டு எண்ணும் அளவில்தான். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு நல்ல வழி, ஆனால் அது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது.

சிங்கப்பூர்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்.யு.எஸ்.), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்.டி.யு.) இரண்டும் மதிப்பெண்ணுக்கு அதிக எடை கொடுப்பவை, நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பாதை. அரசின் கல்விக் கட்டண மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு அங்கே வேலை பார்க்க வேண்டும். எனக்கு அது மோசமான ஒப்பந்தமாகத் தெரியவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பணம், கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாம் அப்படியே பொருந்தும். டாடா உதவித்தொகை மட்டும் உங்களுக்குக் கிடையாது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு கைக்கு வந்தபின் அந்த ஆண்டு இறுதியில் விண்ணப்பிப்பது உங்களுக்கு வசதி. தமிழ்மொழி மூலம் எழுதியிருந்தாலும் பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம்.

இடம் கிடைத்துவிட்டது! விசா?

வாழ்த்துகள். கல்லூரி ஐ-20 என்ற தாளை அனுப்பும், அதில் உதவித்தொகை எவ்வளவு என்று இருக்கும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர், பிறகு சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இரண்டு மூன்று நிமிடம்தான். எந்தப் படிப்பு, ஏன் அந்தக் கல்லூரி, செலவுக்கு யார் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். 2025 மே கடைசியில் சில வாரங்கள் மாணவர்களுக்குப் புதிய நேர்காணல் தேதி தருவதையே நிறுத்திவைத்தார்கள். திரும்பத் தொடங்கியபோது சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். அதே மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே கூடாது என்று அரசு உத்தரவிட, நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. காற்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அடிக்கலாம். இங்கே ஒரு கல்லூரியில் இடத்தை உறுதி செய்து வைத்துக்கொள்வது தவறில்லை. கணிதப் பிள்ளைகளுக்கு, சிறுசேரியின் சென்னை மேத்தமெட்டிகல் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள் என்று எப்போதும் சொல்வேன். அங்கே கிடைத்தால் அமெரிக்கா வராவிட்டாலும் அழ வேண்டியதில்லை.

கிளம்பும்போது என்ன கொடுத்து அனுப்புவது? (எல்லா அம்மாக்களும்)

முதலில் தடுப்பூசி அட்டை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையாக இருந்தபோது கொடுத்த அந்தக் கசங்கிய அட்டைதான். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் இல்லாமல் பல கல்லூரிகளில் வகுப்புக்குப் பதியவே விட மாட்டார்கள். தொலைந்துவிட்டால் ஜூனிலேயே மருத்துவரிடம் போய் மறுபடி போட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு தவணைக்கும் நடுவில் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அசல் மதிப்பெண் பட்டியலும் ஐ-20யும் கைப்பையில். ஊறுகாய் பாட்டில் பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி. கருவாடு வேண்டாம்மா, பெட்டியைத் திறந்தால் விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்.